எரியாத விளக்கு என்ன சொல்கிறது?

ஸ்வீடனில் சாப் என்றொரு கார் கம்பெனி இருந்தது. போர் விமானம் செய்கிற சாப் நிறுவனத்தில் பிறந்த பிரிவு. 1990களில் வந்த அதன் கார்களில் டேஷ்போர்டில் ஒரு சின்ன பொத்தான் வைத்திருந்தார்கள். ராத்திரி நெடுஞ்சாலையில் போகும்போது அதை அமுக்கினால் வேகம் காட்டும் முள்ளைத் தவிர மற்றதெல்லாம் அணைந்துவிடும். பெட்ரோல் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எதிரே சாலை, கீழே வேகம், அவ்வளவுதான். பெட்ரோல் குறைந்துவிட்டால் அந்த முள்ளுக்கு மட்டும் தானாக வெளிச்சம் வரும். இன்ஜின் சூடேறினால் அதற்கு மட்டும்.

கேட்கவே சுகமாக இருக்கிறது இல்லையா? ஆனால் என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகளுக்கு உடனே ஒரு கேள்வி வரும். பெட்ரோல் முள் இருட்டாக இருக்கிறது, சரி. டேங்கில் வேண்டிய அளவு பெட்ரோல் இருப்பதால் இருட்டா, இல்லை அதன் பல்பு போய்விட்டதால் இருட்டா?

சூழ்நிலைக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டு, இப்போது தேவையானதை மட்டும் காட்டும் இந்த மாதிரித் திரைகளை அடாப்டிவ் டிஸ்ப்ளே என்பார்கள். தமிழில் தகவமைத் திரை என்று வைத்துக்கொள்கிறேன். பள்ளி உயிரியல் புத்தகத்தில் பாலைவன ஒட்டகத்துக்குச் சொன்னார்களே, அதே தகவமைப்புதான். இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஒரு திரை மறைக்க ஆரம்பித்த அந்த நிமிடத்திலிருந்து அதன் காலி இடமும் ஒரு செய்தியாகிவிடுகிறது. அந்தச் செய்திக்கு ஒரே ஓர் அர்த்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில், மறைப்பது ஏன் தேவைப்பட்டது என்று பார்த்துவிடலாம்.

1979 மார்ச் 28, விடிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை. தண்ணீர் செலுத்தும் பம்புகள் நின்றன, உலையில் அழுத்தம் ஏறியது, அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு தானாகத் திறந்தது. இதுவரை எல்லாம் திட்டப்படிதான். அழுத்தம் இறங்கியதும் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. உலையைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் என்ன நடந்தது? முதல் சில நிமிடங்களில் 100க்கு மேற்பட்ட அலாரங்கள். சுவர் முழுக்க விளக்குகள் மின்னுகின்றன, மணி அடிக்கிறது. எது வேர், எது கிளை என்று பிரித்துச் சொல்ல அந்தச் சுவருக்குத் தெரியாது. நிகழ்வுகளை வரிசையாகத் தாளில் அடித்துத் தரவேண்டிய பிரின்டர் மூச்சுவாங்கி ஒரு கட்டத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது. 4 மணிக்கு என்ன ஆயிற்று என்பதை 6 மணிக்குச் சொல்கிற பிரின்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திரீ மைல் ஐலண்ட் என்றாலே எல்லோரும் இந்த அலார மழையைத்தான் சொல்வார்கள். எனக்கு அங்கே அதிகம் உறுத்துவது எரியாத ஒரு விளக்கு. அந்த வால்வுக்கென்று பலகையில் ஒரு விளக்கு இருந்தது. அது அணைந்திருந்தது. அணைந்திருந்தால் வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவே இல்லை. வால்வைத் திறந்து வைக்கும் மின்சாரம் போகிறதா இல்லையா என்பதை மட்டும்தான் காட்டியது. விளக்கு சொன்னது ‘மூடச் சொல்லியாகிவிட்டது’. மனிதர்கள் படித்தது ‘மூடியாகிவிட்டது’. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள இடைவெளி வழியாகத்தான் 2 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் ஒழுகியது. உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது.

ஆக, ஒரே அறையில் ஒரே நாளில் இரண்டு நோயும் இருந்தன. ஒன்று, அளவுக்கு மீறிய வெளிச்சம். இன்னொன்று, அர்த்தம் தெளிவில்லாத இருட்டு. அதன்பின் உலகம் முதல் நோய்க்கு நிறைய மருந்து கண்டுபிடித்தது. இரண்டாவதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

முதல் நோயும் அப்படி ஒன்றும் சீக்கிரம் போய்விடவில்லை. 1994 ஜூலை 24ல் வேல்ஸில், மில்ஃபோர்ட் ஹேவன் பகுதியில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் பார்க்க வேண்டியிருந்த அலாரங்கள் 275. கணக்குப் போட்டால் இரண்டரை நொடிக்கு ஒன்று. அதைப் படித்து முடிக்கவே நேரம் போதாது. பிரிட்டனில் பிற்பாடு வந்த வழிகாட்டு நூலில், சாதாரண நாளில் ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்ற அளவைத்தான் ஏற்கத்தக்கது என்று வைத்தார்கள்.

இந்த விஷயத்தில் மற்றவர்களைவிடக் கறாராக யோசித்தவர்கள் விமானம் செய்கிறவர்கள். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அதுவரை பெரிய விமானங்களில் இரண்டு விமானிகளுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஃப்ளைட் இன்ஜினியர். முன்னால் சுவர் முழுக்க முள்ளும் விளக்கும். இன்ஜின், எரிபொருள், மின்சாரம், ஹைட்ராலிக் எல்லாவற்றையும் மேய்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. 1980களின் தொடக்கத்தில் வந்த புதிய விமானங்களில் அந்த நாற்காலியே போய்விட்டது. மூன்று பேர் பார்த்ததை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்றால், பார்க்க வேண்டியது குறைந்தாக வேண்டும்.

ஏர்பஸ்ஸில் இதற்கு ‘இருண்ட காக்பிட்’ என்று ஒரு கொள்கை உண்டு. தலைக்கு மேலுள்ள பலகையில் எந்த விளக்கும் எரியவில்லை என்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். ஏதாவது எரிந்தால் அங்கே பார். கோளாறு வந்தால் ஈகேம் என்ற கண்காணிப்பு அமைப்பு நடுத்திரையில் அதைச் சொல்லும். கூடவே என்ன செய்ய வேண்டும் என்பதையும் வரிவரியாகக் காட்டும்.

இதில் ரசிக்கத்தக்க பகுதி, எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அதற்குத் தெரியும் என்பது. ஏர்பஸ் ஏ320 ஒரு பயணத்தைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஓடுபாதையில் வேகம் 80 நாட்டைத் தாண்டியதிலிருந்து, அதாவது மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர், தரையிலிருந்து 1,500 அடி ஏறும்வரை பெரும்பாலான எச்சரிக்கைகளை அது சொல்லாமல் நிறுத்தி வைக்கும். இன்ஜினில் தீ என்றால் சொல்லும். மற்றதெல்லாம் அப்புறம். ஏன் இந்த ஏற்பாடு? வேகமெடுத்த விமானத்தை ஓடுபாதையில் நிறுத்துவது லேசான காரியமில்லை. ஏதோ ஒரு சின்ன கோளாறுக்காக மணி அடித்து, விமானி பதறி பிரேக்கை மிதித்தால், கோளாறைவிட அந்த பிரேக் ஆபத்து. மேலே போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அப்போது திரை காலியாக இருப்பதற்கு இரண்டு அர்த்தம் வந்துவிடாதா? வரும். அதை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். நிறுத்தி வைத்திருக்கும் அந்த நேரம் முழுக்கத் திரையின் ஓரத்தில் ‘டேக்ஆஃப் தடை’ என்ற பொருளில் ஒரு சிறு வாசகம் மெஜந்தா நிறத்தில் நிற்கும். அதாவது ‘இப்போ சில விஷயத்தை உங்ககிட்ட சொல்லாம வெச்சிருக்கேன்’ என்று திரை தன் வாயாலேயே சொல்லிவிடுகிறது. பல்பு சந்தேகத்துக்கும் பதில் உண்டு. தலைக்கு மேல் ஒரு சுவிட்ச். அதைச் சோதனைப் பக்கம் தள்ளினால் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும். எரியாதது எதுவோ அதுதான் ஃபியூஸ்.

இதே சோதனையை நீங்கள் தினமும் செய்கிறீர்கள். காரில் சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் குபீரென்று எரிந்து, சில நொடியில் ஒவ்வொன்றாக அணைகின்றனவே, அது அலங்காரத்துக்கு அல்ல. ‘நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம், இனி இருட்டாக இருந்தால் நம்பலாம்’ என்று அவை வருகைப் பதிவு கொடுக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அந்த இரண்டு நொடியைப் பார்க்கிறோம் என்பது வேறு விஷயம்.

இவ்வளவு யோசித்தவர்களிடமும் ஓட்டை இருந்தது. 2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் 447, ஓர் ஏ330 விமானம், அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேரும் இறந்தார்கள். விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்து, ஆட்டோபைலட் விடுபட்டு, விமானி மூக்கைத் தூக்கிக்கொண்டே போய், இறக்கைகள் தூக்கும் விசையை இழந்தன. இந்த நிலைக்கு ஸ்டால் என்று பெயர். ஆட்டோபைலட் விடுபட்டதிலிருந்து கடலில் விழும்வரை ஏறத்தாழ 4 நிமிடம் 20 நொடி. விபத்துக்குப் பல காரணங்கள், பிரெஞ்சு விசாரணை அமைப்பின் 2012 அறிக்கை அவற்றை விரிவாகப் பேசுகிறது. இங்கே நமக்கு வேண்டியது அதில் ஓர் இழை.

ஸ்டால் எச்சரிக்கை அடித்தது. ஒரு கட்டத்தில் 54 நொடி விடாமல் அடித்தது. பிறகு நின்றது. விமானம் ஸ்டாலிலிருந்து மீண்டுவிட்டதா? இல்லை, இன்னும் ஆழமாகப் போயிருந்தது. காற்று இறக்கையை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த எச்சரிக்கை வேலை செய்கிறது. கோணத்தை அளப்பது மூக்கின் பக்கவாட்டில் காற்றில் அசையும் சின்ன துடுப்புகள். அளக்கப்பட்ட வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால் அந்தத் துடுப்பின் பேச்சை நம்பக்கூடாது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நியாயமான விதிதான். அவ்வளவு மெதுவான காற்றில் துடுப்பு தாறுமாறாக ஆடும். சாதாரணமாக விமானம் தரையில் ஊரும்போதுதான் அந்த வேகம் வரும், அப்போது ஸ்டால் எச்சரிக்கை வெறும் தொந்தரவு. ஆனால் நடுவானில் ஒரு விமானம் அந்த அளவுக்கு மோசமாகிப் போகும் என்று அந்த விதி எதிர்பார்க்கவில்லை.

விளைவு என்ன தெரியுமா? விமானி மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தியபோது, அதாவது சரியானதைச் செய்தபோது, வேகம் 60ஐத் தாண்டியது, கோணம் மறுபடி நம்பத்தக்கதானது, எச்சரிக்கை அலறியது. மூக்கைத் தூக்கியபோது வாயை மூடிக்கொண்டது. தப்பு செய்தால் அமைதி, சரி செய்தால் அலறல். ‘ஆபத்து இல்லை’ என்பதற்கும் ‘எனக்கு எதுவும் தெரியவில்லை’ என்பதற்கும் அந்த அமைப்பிடம் ஒரே ஒரு மொழிதான் இருந்தது: மௌனம். ராத்திரி நேரம், கீழே கடல், வெளியே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. அந்த மௌனத்தை விமானிகள் எப்படிப் படித்தார்கள் என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வேகம் மிகக் குறைவாக அளக்கப்படும்போது அந்த எச்சரிக்கை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மறுபரிசீலனை செய்யச் சொல்லி விசாரணை அமைப்பு தனியாகவே ஒரு பரிந்துரை எழுதியது.

அடுத்த ஆண்டு நேர் எதிர்த் திசையில் ஒன்று நடந்தது. 2010 நவம்பர் 4, சிங்கப்பூரிலிருந்து சிட்னி கிளம்பிய குவாண்டாஸ் ஏ380. ஓர் இன்ஜின் வெடித்துச் சிதறி இறக்கையைத் துளைத்தது. திரையில் ஈகேம் செய்திகள் குவிந்தன. அவற்றைத் தொடர்ந்த முதற்கட்ட வேலைகளை முடிக்கவே சுமார் 50 நிமிடம் பிடித்தது. நல்லவேளையாக அன்றைக்கு காக்பிட்டில் ஐந்து விமானிகள் இருந்தார்கள். கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி ஒரு கட்டத்தில் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பியதாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். எதெல்லாம் போய்விட்டது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எதெல்லாம் இன்னும் வேலை செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். 469 பேரும் உயிரோடு இறங்கினார்கள். கோளாறை மட்டும் காட்டு என்று பழக்கிய திரைக்கு, கோளாறே பெரும்பான்மையாகிவிட்ட நாளில் இந்தத் திருப்பம் தானாக வரவில்லை. மனிதர்தான் திருப்ப வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். எங்கோ ஒரு மானிட்டர் எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும், நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அவர்மேல் தப்பில்லை, அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. ஆனால் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பிடம் 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பாகப் பதிவான 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தன. இதற்குச் சொல்லப்படும் எளிய வைத்தியம், அலாரம் அடிப்பதற்கு முன் சில நொடி பொறுப்பது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு ஒரு நொடி இறங்கி, நோயாளி ஒரு தடவை ஆழமாக மூச்சு விட்டதும் தானே ஏறிவிடும். அதற்கெல்லாம் கத்த வேண்டாம். நல்ல யோசனை. அதே நேரம், மார்பில் ஒட்டிய வயர் கழன்றுவிட்டால் மானிட்டர் என்ன செய்ய வேண்டும்? அதற்கு இதயத்துடிப்பு தெரியாது. வயர் கழன்றது என்று பெரும்பாலான மானிட்டர்கள் தனியாகச் சொல்லத்தான் செய்கின்றன. ஆனால் அதைக் கடைநிலைச் சத்தமாக, சின்ன எழுத்தில் சொல்கின்றன. கத்தாத மானிட்டர் என்றால் நல்ல மானிட்டர் என்று பழகிவிட்ட வார்டில் அந்தச் சின்ன எழுத்து ரொம்பச் சின்னது.

உயிர்போகாத இடங்களிலும் இதே கதைதான், கொஞ்சம் எரிச்சலோடு. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2000 நினைவிருக்கிறதா? மெனுவைத் திறந்தால் நீங்கள் அடிக்கடி பயன்படுத்துகிற சில கட்டளைகள் மட்டும் தெரியும். மற்றவை மறைந்திருக்கும். கீழே உள்ள இரட்டை அம்புக்குறியைச் சொடுக்கினாலோ, சற்று நேரம் காத்திருந்தாலோ மெனு விரியும். விரியும்போது தெரிந்த கட்டளைகளுக்கு நடுவே தெரியாதவை புகுந்து எல்லாம் இடம் மாறிவிடும். நம் கையோ பெயரைப் படித்துப் போவதில்லை, இடத்தை நினைவு வைத்துப் போகிறது. சமையலறையில் உப்பு டப்பாவை யாரும் எழுத்துக்கூட்டித் தேடுவதில்லை அல்லவா, அது மாதிரி. ஆஃபீஸ் 2007ல் அந்த மெனு ஏற்பாட்டையே தூக்கிவிட்டார்கள்.

2004ல் கனடாவில் லியா ஃபின்ட்லேட்டர், ஜோவானா மெக்ரெனர் இருவரும் மூன்று வகை மெனுக்களை ஒப்பிட்டார்கள்: மாறாதது, தானாக மாறுவது, பயனரே மாற்றிக்கொள்வது. தானாக மாறுவதைவிட மாறாத மெனுவே வேகம். ஆனால் பெரும்பாலானோர் விரும்பியது தாங்களே மாற்றிக்கொள்வதை. 2009ல் ஃபின்ட்லேட்டர் மற்றவர்களோடு சேர்ந்து இன்னும் அழகான ஒன்றைச் சோதித்தார். எதையும் இடம் மாற்றுவதில்லை. உங்களுக்குத் தேவைப்படும் என்று கணிக்கும் சில கட்டளைகள் சட்டென்று தெரியும், மற்றவை தத்தம் இடத்திலேயே மெதுவாக மங்கலிலிருந்து தெளியும். கணிப்பு சரியென்றால் கண் உடனே அங்கே போகிறது. தப்பென்றால் அரை நொடி பொறுத்தால் போதும், எல்லாம் போட்டது போட்ட இடத்தில். அடக்கமான யோசனை, இது ஏன் எங்கும் பரவவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

அம்மா உபயோகிக்கும் ஒரு வங்கியின் செயலி போன வருடம் இந்த ஞானம் பெற்றது. ‘உங்களுக்காகவே’ என்று சொல்லி முகப்பில் உள்ள கட்டங்களை வாரம் ஒருமுறை மாற்றி அடுக்கத் தொடங்கியது. அம்மாவுக்கு அந்தச் செயலி என்பது மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது கட்டம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படித்ததே இல்லை. “ஏம்ப்பா, நேத்து இங்கதான இருந்துச்சு, பணம் அனுப்புற பொட்டி எங்க போச்சு?” என்று போன் வந்தது. தேடினால் கட்டம் இருக்கிறது, இரண்டு வரிசை கீழே. அவரைப் பொறுத்தவரை அது இல்லை. இருந்த இடத்தில் இல்லாதது இல்லாததுதான்.

போனில் நல்லபடியாகச் செய்ததும் உண்டு. தொந்தரவு வேண்டாம் என்று போட்டால் மேலே ஒரு பிறை நிலா வந்து நிற்கிறது. அந்த நிலா விமானத்தின் மெஜந்தா வாசகத்துக்குத் தம்பி. ‘யாரும் கூப்பிடவில்லை’ என்பதற்கும் ‘கூப்பிட்டதை நான் சொல்லவில்லை’ என்பதற்கும் இடையே அது நிற்கிறது. ஐபோனில் ஒரே ஆள் மூன்று நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் அந்த அழைப்பை மட்டும் உள்ளே விடும் வசதியும் இருக்கிறது. ராத்திரி ஒருவர் விடாமல் அழைக்கிறார் என்றால் அது கிரெடிட் கார்டு விற்பனையாக இருக்காது என்ற மனித அனுபவத்தை யாரோ விதியாக எழுதியிருக்கிறார்கள்.

இப்போது வந்திருப்பது வேறு ரகம். பன்னிரண்டு அறிவிப்புகளை ஒரு வரியாகச் சுருக்கித் தருகிறது போன். முன்பெல்லாம் திரை மறைத்தது, இப்போது தன் சொந்த வார்த்தையில் சொல்கிறது. 2024 டிசம்பரில் ஆப்பிளின் இந்தச் சுருக்கம், நடக்காத ஒன்றை பிபிசி செய்தியாகக் காட்டிவிட்டது. பிபிசி புகார் செய்தது. 2025 ஜனவரியில் செய்திச் செயலிகளுக்கான சுருக்கத்தை ஆப்பிள் நிறுத்தி வைத்தது. மற்ற செயலிகளின் சுருக்கங்களை, அவை சுருக்கம்தான் என்று தெரியும்படி, சாய்வெழுத்தில் காட்ட ஆரம்பித்தது. அனுப்பியவர் எழுதியது நேராக நிற்கும், போன் எழுதியது சாய்ந்திருக்கும்.

சாய்வெழுத்து போதுமா என்பது சந்தேகம்தான். தமிழுக்கு அது நிச்சயம் போதாது. ஆங்கிலத்தில் சாய்வெழுத்துக்கு அச்சில் ஒரு நீண்ட பழக்கம் இருக்கிறது, கண் அதை வேறு குரலாக எடுத்துக்கொள்ளும். தமிழில் எழுத்தைச் சாய்த்தால் ஃபான்ட் சரியாக ஏறவில்லை போல என்றுதான் பலருக்குத் தோன்றும். நம் எழுத்தில் ‘இது நான் சொன்னது, அவர் சொன்னது அல்ல’ என்று காட்ட ‘என்றார்’, ‘என்றாராம்’ என்று வினையிலேயே வித்தியாசம் வைத்திருக்கிறோம். சுருக்கித் தரும் இயந்திரத்துக்கு அந்த ‘ஆம்’ஐ யாராவது கற்றுக்கொடுக்கலாம்.